கட் பண்ணா

"மழை பெய்கிறது."

நான் கணக்கு எழுதிய ஒரு படத்தின் திரைக்கதைத் தாளில், காட்சி 46-ன் இடது பக்கத்தில் இருந்தது இந்த இரண்டு வார்த்தைதான். 2004-ல் இந்த இரண்டு வார்த்தைக்காக நான் போட்ட வவுச்சர்கள் 17. தண்ணீர் லாரி ஆறு நடை. மழைக்குழாய் கட்ட எட்டு ஆட்கள். மழை கேமராவில் தெரிய வேண்டுமென்றால் பின்னாலிருந்து வெளிச்சம் அடிக்க வேண்டும். அதற்குக் கூடுதலாக இரண்டு பெரிய லைட், அதற்கு இன்னொரு ஜெனரேட்டர் வண்டி. கதாநாயகி நனைகிறாள், ஆகவே ஒரே நிறத்தில் ஒரே கரையில் நான்கு சேலைகள். துண்டு முப்பது. கடைசி வவுச்சர், விடியற்காலையில் குளிர்காய்ச்சலில் விழுந்த லைட்மேன் ஒருவருக்கு ஊசியும் மாத்திரையும்.

படம் வந்தபோது அந்தக் காட்சி அதில் இல்லை. எடிட்டிங்கில் போய்விட்டது. போனால் போகட்டும், அது நடப்பதுதான். ஆனால் அதைத் தூக்கிய இடத்தில் கதை ஒரு துளிகூட நொண்டவில்லை. அதுதான் என்னை உறுத்தியது. அப்படியென்றால் அந்தக் காட்சி எதற்கு இருந்தது? எழுதும்போதே யாராவது இதைக் கேட்டிருந்தால் அந்த லைட்மேன் அன்றைக்கு வீட்டில் படுத்துத் தூங்கியிருப்பாரே?

இன்றைக்கு நான் செய்யும் வேலை அந்தக் கேள்வியைக் கேட்பதுதான். விசிட்டிங் கார்டில் 'ஸ்கிரிப்ட் கன்சல்டன்ட்' என்று போட்டிருக்கிறது. ஊரில் அப்பா அதை யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. "கதை திருத்துற வேலை" என்பார். பரீட்சைப் பேப்பர் மாதிரி.

நான் சினிமா ஆசையில் சென்னைக்கு வந்தவன் இல்லை. அருப்புக்கோட்டைப் பக்கம், பி.காம். ஒரு நூல் கமிஷன் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கடைக்காரரின் மைத்துனர் கோடம்பாக்கத்தில் புரொடக்‌ஷன் மேனேஜர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், மொய் எழுத உட்கார்ந்திருந்த என்னைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "கை சுத்தமா இருக்கு, கணக்கும் சுத்தமா இருக்கு, வர்றியா?" என்று கேட்டார். 2003 ஜூனில் வடபழனி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். சாலிகிராமத்தில் ஐந்து பேர் இருந்த அறையில் ஆறாவது ஆள் ஆனேன். மற்ற ஐந்து பேரும் உதவி இயக்குநர்கள், அல்லது உதவி இயக்குநர் ஆகப் போகிறவர்கள். ராத்திரியெல்லாம் உலக சினிமா பேசுவார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து அன்றைய பேட்டா லிஸ்ட்டைக் கூட்டிக்கொண்டிருப்பேன்.

பேட்டா என்பது தெரியாதவர்களுக்கு: படப்பிடிப்பில் வேலை செய்கிறவர்களுக்கு அன்றன்றைக்குக் கையில் கொடுக்கிற காசு. லைட்மேன், மேக்கப், காஸ்ட்யூம், டிரைவர், சமையல் என்று ஒரு நாளைக்கு நூறு நூற்றிருபது கவர். நேரம் தாண்டினால் தொகை ஏறும். எல்லோருக்கும் கொடுத்து முடித்துக் கணக்கில் பத்து ரூபாய் இடித்தாலும் அண்ணாச்சி தூங்க மாட்டார், என்னையும் தூங்க விடமாட்டார்.

அப்போது ஃபிலிம் காலம். 400 அடி சுருள் நாலரை நிமிடத்துக்குள் ஓடித் தீர்ந்துவிடும். எத்தனை கேன் வாங்கினோம், எத்தனை ஓடியது, எத்தனை அடி துண்டு மிச்சம் என்பதும் என் நோட்டில்தான் வரும். கேமரா ஓடும் சத்தம் கேட்டால் எனக்கு நடிப்பு தெரியாது, அடிதான் தெரியும். இன்றைக்கு டிஜிட்டலில் இருபது டேக் எடுத்துவிட்டு "இன்னொண்ணு போலாம்" என்கிறார்கள். அப்போது மூன்றாவது டேக்கிலேயே அண்ணாச்சியின் முகம் மாறத் தொடங்கும்.

அந்த நோட்டை எழுதுவதற்காகத்தான் எனக்கு சீன் பேப்பரின் ஜெராக்ஸ் கொடுத்தார்கள். நான் முதன்முதலில் படித்த திரைக்கதை அது. நம் ஊர் வழக்கப்படி நடுவில் கோடு போட்ட தாள். இடது பக்கம் என்ன நடக்கிறது, வலது பக்கம் யார் என்ன பேசுகிறார்கள். ஒவ்வொரு காட்சிக்கும் ஆட்கள் யார், பொருட்கள் என்ன, இடம் எது, பகலா இரவா என்று பிரித்து எழுத வேண்டும். பிரேக்டவுன் என்போம். 'ஹீரோ ஊருக்குள் வருகிறான். ஊரே வேடிக்கை பார்க்கிறது' என்று இருக்கும். 'ஊரே' என்றால் எத்தனை பேர்? நூறா, இருநூறா? துணை நடிகர் ஏஜென்டுக்கு எண்ணிக்கை சொல்ல வேண்டுமே. போய்க் கேட்டால் அசோசியேட் டைரக்டர் முறைப்பார். 'பாட்டு' என்று ஒரே ஒரு வார்த்தை இருக்கும். அது ஐந்து நாள் ஷூட்டிங்.

இப்படி மாதக்கணக்கில் வார்த்தையைக் காசாக மாற்றி மாற்றி, எனக்கு ஒரு விசித்திரமான பழக்கம் வந்துவிட்டது. எந்த வரியைப் படித்தாலும் முதலில் விலை தெரியும். அடுத்து, இந்த விலைக்கு இது என்ன தருகிறது என்று மனசு கேட்கும். ஒரு நாள் இரண்டு ஆஸ்பத்திரிக் காட்சிகளை வைத்துக்கொண்டு அசோசியேட்டிடம் போனேன். "அண்ணே, 22-லயும் டாக்டர் இதையேதான் சொல்றாரு, 31-லயும் இதையேதான் சொல்றாரு. ஒருநாள் வாடகை மிச்சம்." அவர் என் கையிலிருந்த தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "உன்னை யாருப்பா இதெல்லாம் படிக்கச் சொன்னது?" என்றார். ரெண்டு நாள் கழித்து, "அடுத்த படத்துக்கு டிஸ்கஷன் ஆரம்பிக்கிறோம். சாயங்காலம் வேலை முடிஞ்சா வந்து உக்காரு" என்றார்.

டிஸ்கஷன் அறை என்பது தனி உலகம். வடபழனியில் ஒரு ஃபிளாட், தரையில் பாய், நாலைந்து தலையணை, டீ ஃபிளாஸ்க், சிகரெட் சாம்பல் நிறைந்த தேங்காய்ச் சிரட்டை. ஏழெட்டுப் பேர். ஒருவர் ஒன்லைன், அதாவது கதைச் சுருக்கம், சொல்வார். மற்றவர்கள் சீன் பிடிப்பார்கள். 'சீன் பிடிப்பது' என்ற சொல்லை முதலில் கேட்டபோது மீன் பிடிப்பதுபோல இருந்தது. பின்னால் பார்த்தால் கிட்டத்தட்ட அதேதான். மணிக்கணக்கில் தூண்டிலைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பது, திடீரென்று ஒருவர் எழுந்து உட்கார்ந்து, "இப்பிடி வச்சுக்குவோம்…" என்பது.

இது புதிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் கதை இலாகா என்றே ஒரு இலாகா இருந்தது. கொத்தமங்கலம் சுப்பு அதில் முக்கியமான ஆள். பின்னால் சாண்டோ சின்னப்பா தேவரும் தன் கம்பெனியில் ஒரு கதை இலாகா வைத்திருந்தார். டைட்டிலில் ஒரு மனிதரின் பெயர் வர வேண்டிய இடத்தில் இலாகாவின் பெயர் வரும். மாதச் சம்பளத்துக்குக் கதை யோசித்த மனிதர்கள். ஜெமினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது தி பார்க் ஹோட்டல் நிற்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், அந்த இலாகாவில் மழைக் காட்சி வந்தால் "எதுக்குய்யா?" என்று கேட்க யாராவது இருந்திருப்பார்களா என்று நினைத்துக்கொள்வேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிஸ்கஷனில்தான் நான் 'ஓப்பன் பண்ணா', 'கட் பண்ணா' என்ற இரண்டு மந்திரங்களைக் கேட்டேன். நம் சினிமாவில் கதை முதலில் காகிதத்தில் பிறப்பதில்லை, வாயில்தான் பிறக்கிறது. "ஓப்பன் பண்ணா ஒரு மலை. பனி. ஒரு சின்னப் புள்ள ஓடி வருது. கட் பண்ணா…" பின்னணி இசையும் வாயிலேயே. வெட்டு விழும்போது தொடையில் ஒரு அடி. நல்ல கதைசொல்லி இரண்டு மணி நேரம் சொல்லி முடிக்கும்போது கேட்டவன் கண்ணில் தண்ணீர் நிற்கும். தயாரிப்பாளர் அட்வான்ஸ் கொடுப்பது அதைக் கேட்டுத்தான். நடிகர் கால்ஷீட் கொடுப்பதும் அதைக் கேட்டுத்தான்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பாவைக்கூத்தும் தெருக்கூத்தும் வில்லுப்பாட்டும் கேட்டு வளர்ந்த ஊர் இது. வாயால் படம் காட்டுவது நமக்கு வரும். ஆனால் 'கட் பண்ணா' என்ற சொல்லுக்குள் எவ்வளவு பெரிய ஓட்டை வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளும். மலையிலிருந்து அந்தப் பிள்ளை எப்படிச் சென்னைக்கு வந்தாள்? கட் பண்ணா வந்துவிட்டாள். வில்லனுக்கு எப்படி விஷயம் தெரிந்தது? கட் பண்ணா தெரிந்துவிட்டது. சொல்கிறவரின் குரல் அந்தக் குழியை மூடிவிடுகிறது. படம் எடுக்கும்போது அந்தக் குரல் கூட வராது. அங்கே இருப்பது தாள்தான். தாளில் குழி குழியாகவே இருக்கும்.

இது எனக்குப் புரிந்தது அடுத்தவர் கதையில் இல்லை, என் கதையில். ஐந்து பேர் அறையில் ஆறாவது ஆளாக இருந்தால் தொற்றாமல் இருக்குமா? 2009-ல் எனக்கும் படம் பண்ணும் ஆசை வந்தது. நூல் மில் பின்னணியில் ஒரு கதை. மூன்று வருடத்தில் நாற்பத்தொரு பேருக்குச் சொன்னேன் (எண்ணிக்கை நிச்சயம், நோட்டில் இருக்கிறது). நன்றாகவே சொல்வேன். ஒரு நடிகரின் மேனேஜர் கண்ணை மூடிக் கேட்டார். ஊன்றிக் கேட்கிறார் என்று நினைத்து நான் கிளைமாக்ஸில் குரலை உயர்த்தியபோது திடுக்கிட்டு விழித்து, "சூப்பர் தம்பி" என்றார். கடைசியில் ஒரு கம்பெனி, "முழு ஸ்கிரிப்ட் பைண்ட் பண்ணிக் குடுங்க, பட்ஜெட் போடலாம்" என்றது. சந்தோஷமாக எழுத உட்கார்ந்தேன். இரண்டரை மணி நேரம் சொன்ன கதை 61 பக்கத்தில் முடிந்துவிட்டது. இடைவேளை எங்கே என்று தேடினேன். நான் சொல்லும்போது இடைவேளை என்பது என் இரண்டு கையையும் விரித்து நான் விடும் ஒரு மௌனம். அதைத் தாளில் எப்படி எழுதுவது?

அந்தக் கதையை எனக்கு நானே பிரேக்டவுன் போட்டுப் பார்த்தேன். அண்ணாச்சி கற்றுக்கொடுத்த கோடுகளில். பாதிக் காட்சிகள் எதற்கு இருக்கின்றன என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. நோட்டை மூடி வைத்தேன். வருத்தம் இருந்தது, இல்லாமல் என்ன. ஒரு வாரம் தாடி. அப்புறம் வேறொரு படத்தில் பேட்டா கொடுக்கப் போய்விட்டேன்.

2014-ல் ஈரோட்டிலிருந்து ஜவுளிக்காரர் ஒருவர் படம் எடுக்க வந்தார். ஸ்கிரிப்ட்டைப் படித்து உத்தேசச் செலவு போட்டுத் தரச் சொன்னார். செலவு ஒரு பக்கம் வந்தது. கூடவே நாலு பக்கத்துக்குக் கேள்வி எழுதி வைத்திருந்தேன். அவர் செலவைப் புரட்டிவிட்டுக் கேள்விகளைத்தான் உட்கார்ந்து படித்தார். "இதெல்லாம் நான் டைரக்டர்கிட்ட கேக்கணும்னு நினைச்சது, எப்பிடிக் கேக்கறதுன்னு தெரியாம இருந்தேன்ங்க" என்றார். 15,000 ரூபாய் கொடுத்தார். படிப்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் காசு.

இப்போது ஒரு ஸ்கிரிப்ட் வந்தால் மூன்று தடவை படிப்பேன். முதல் தடவை பேனா கிடையாது, ஒரே மூச்சு, தியேட்டரில் உட்கார்ந்த மாதிரி. எந்தப் பக்கத்தில் போனை எடுத்தேன் என்பது மட்டும் நினைவில் இருக்க வேண்டும். இரண்டாவது தடவை ஆட்களைப் பின்தொடர்வேன். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு நிறப் பென்சில். எந்தெந்தக் காட்சியில் வருகிறார், வரும்போது என்ன வேண்டியிருக்கிறது, போகும்போது கிடைத்ததா. மூன்றாவது தடவை பழைய கணக்குப்பிள்ளை. அங்கேதான் ஆடு, மாடு, மழை, ரயில் எல்லாம் மாட்டும்.

ஆடு என்றதும் ஒன்று. 'ஒரு ஆடு குறுக்கே ஓடுகிறது' என்று புது எழுத்தாளர்கள் ஜாலியாக எழுதிவிடுவார்கள். அந்த ஆட்டுக்கு விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி வேண்டும். ஒரு காலத்தில் வாரியம் திருவான்மியூரில் இருந்தது, பஸ் ஏறிப் போய்விடலாம். இப்போது அது ஹரியானாவில். காளை என்றால் கதையே வேறு. காட்சிக்குப் பழக்கக் கூடாத விலங்குகள் பட்டியலில் 2011-ல் காளையையும் சேர்த்துவிட்டார்கள். கிராமத்துப் படத்தில் காளை வந்தால் கீழே 'கணினி வரைகலை' என்று எழுத்து ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். காளையை வைத்துப் பத்துக் காட்சி எழுதிய தம்பி ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அப்ப காளையை எடுத்துரவா சார்?" என்றார். "காளை இல்லாம உன் கதை நிக்குமா?" "நிக்காது." "அப்ப பத்தை மூணா ஆக்கு. மத்த ஏழுல காளையோட சத்தம், கயிறு, காலித் தொழுவம்." அவருக்கு அந்தக் காலித் தொழுவம் பிடித்துப்போனது.

ஒரு சம்பவத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி, முதல் படம். செங்கல் சூளை, கடன், ஊரைவிட்டு ஓடும் மகன். தயாரிப்பாளரின் அலுவலகத்தில் கதை சொன்னார். இரண்டு மணி பத்து நிமிடம். டீ கொண்டுவந்த பையன் கதவோரமே நின்றுவிட்டான். அம்மா பாத்திரம் அத்தனை பேரையும் கலங்க வைத்தது. "அம்மா செண்டிமெண்ட் சும்மா பிச்சுக்கும்" என்றார் தயாரிப்பாளர்.

ஸ்கிரிப்ட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து படித்தேன். அம்மாவுக்குப் பச்சைப் பென்சில். காட்சி 3, 11, 27. அவ்வளவுதான். அதற்கப்புறம் 71-ல், கிளைமாக்ஸுக்கு வாசலில் வந்து நிற்கிறாள். நடுவில் நாற்பத்துமூன்று காட்சிகளுக்குப் பச்சையே இல்லை. ஏதோ பக்கம் விடுபட்டிருக்கிறது என்றே நினைத்தேன். பிறகுதான் கதை சொன்ன நாளை யோசித்துப் பார்த்தேன். மகன் பேசும் ஒவ்வொரு இடத்திலும் அந்தத் தம்பி கொஞ்சம் வலது பக்கம் திரும்பி, அங்கே யாரோ உட்கார்ந்திருப்பதைப் போலப் பார்த்துப் பேசியிருந்தார். நாங்கள் எல்லோரும் அம்மாவைப் பார்த்தது அந்தப் பார்வையில்தான். அது தாளுக்கு வரவில்லை.

மறுநாள் கேட்டேன். "27-க்கு அப்புறம் அம்மா எங்க தம்பி?"

பக்கங்களைப் புரட்டினார். "வீட்லதான் சார் இருப்பாங்க."

"வீட்ல என்ன பண்றாங்க?"

"காத்துக்கிட்டு இருக்காங்க."

"அதை யாரு பாத்தா?"

ரொம்ப நேரம் பேசவில்லை. எழுந்து வெளியே போனார். போய்விட்டார் என்றே நினைத்தேன், பை மட்டும் நாற்காலியில் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, வேறு எதையோ சொல்வதுபோலச் சொன்னார்: "சார், நான் மெட்ராஸ்ல எட்டு வருசமா இருக்கேன். எங்கம்மா தினம் ஏழு மணிக்குப் போன் பண்ணும். 'சாப்டியா'ன்னு கேக்கும். 'சாப்டேன்'னு சொன்னதும் வச்சிரும். பேலன்ஸ் போயிரும்னு. அந்த ஒரு வார்த்தைதான் எட்டு வருசமா."

நான் எதுவும் சொல்லவில்லை. அவரே தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். மகன் ஓடி ஒளியும் ஐந்து இடங்களில் நான்கில் ஏழு மணிக்கு அந்தப் போன் வருகிறது. ஒரு இடத்தில் பொய் சொல்கிறான். ஒரு இடத்தில் எடுக்கவே இல்லை. கடைசி இடத்தில் ஏழு மணி ஆகிறது, போன் அடிக்கவில்லை. 71-ல் அம்மா வாசலுக்கு வரும்போது இப்போது அது வேறு காட்சி.

கணக்குப்பிள்ளை புத்தி போகாது. அதற்கும் செலவு போட்டேன். புது லொக்கேஷன் கிடையாது, கால்ஷீட் கிடையாது. அம்மாவாக நடித்தவரே அரை நாள் டப்பிங் தியேட்டரில் வந்து மூன்று தடவை 'சாப்டியா' சொல்லிவிட்டுப் போனார். ஆட்டோ காசோடு சேர்த்துச் சின்னத் தொகை. படம் இரண்டு வாரம்தான் ஓடியது. ஆனால் வடபழனி கமலாவில் ஒரு சாயங்காலக் காட்சியில், அந்தப் போன் அடிக்காத இடத்தில், எனக்கு முன் வரிசையில் இருந்த ஒருவர் தன் போனை எடுத்து மணி பார்த்தார். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த விருது என்று எதையாவது சொன்னால் அதைச் சொல்வேன்.

காசு விஷயம். இதைக் கேட்டு மெயில் நிறைய வருகிறது, அதனால் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். பாதித் தொகை ஸ்கிரிப்ட் கைக்கு வரும்போது, மீதி அறிக்கையைக் கொடுக்கும்போது. பூஜை போட்டதும், வியாபாரம் ஆனதும், ரிலீஸுக்கு முந்தின நாள் என்ற பேச்சே கிடையாது. இந்த ஞானம் சும்மா வரவில்லை. ஒரு கம்பெனி கொடுத்த செக் இரண்டு தடவை திரும்பி வந்தது. அவர்கள் படத்தில் பெயராவது வரும் என்று மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு முதல் நாள் போனேன். 'கதை விவாதம்' என்று ஆறு பெயர் வந்தது, கேட்டரிங் வந்தது, நன்றி என்று ஊரில் உள்ள ஹோட்டலெல்லாம் வந்தது. மகள் சத்தமாகவே கேட்டாள்: "அப்பா பேரு எங்கம்மா?" மனைவி, "நீ கண்ணு சிமிட்டினப்ப போயிருக்கும்" என்றாள்.

'என் கதையைத் திருடிட்டாங்க சார்' என்று வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கதையை எழுதி முடித்ததும் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்யுங்கள், வாயில் வைத்துக்கொண்டு நாற்பது ஆபீஸ் ஏறாதீர்கள். 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: வெறும் கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை நீங்கள் எழுதிய விதத்துக்குத்தான். 'ஏழை, பணக்காரி, காதல்' உங்களுடையது இல்லை. ஏழு மணிக்கு வரும் அந்தப் போன் உங்களுடையது. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒப்பந்தத்தில் எத்தனை வருடம், எந்தெந்த நாடு என்று இருக்கிறதா பாருங்கள். காலம் எழுதாமல் விட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் எழுதாமல் விட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்', 'இனி வரப்போகும் எல்லா வடிவங்களிலும்' என்று சின்ன எழுத்தில் இருக்கும். படித்துவிட்டுப் போடுங்கள்.

2020-க்குப் பிறகு ஓடிடி வேலைகள் வந்தன. அங்கே வாய்ப்படம் செல்லாது, எல்லாம் தாளில் வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். எனக்கு இது திருவிழாவாக இருக்க வேண்டும், இல்லையா? முதல் தொடரிலேயே மாட்டிக்கொண்டேன். காரைக்குடிக் குடும்பக் கதை. நாத்தனார், ஓரகத்தி, கொழுந்தியாள் மூவரும் மொழிபெயர்ப்பில் 'சிஸ்டர் இன் லா' ஆகிவிட்டார்கள். மும்பையிலிருந்து குறிப்பு வந்தது: இந்த சிஸ்டர் இன் லா மூன்றாவது எபிசோடில் ஏன் தன்னோடு தானே சண்டை போடுகிறாள்? சிரித்து முடிக்கவே அரைமணி ஆனது. பிறகு மூவருக்கும் பெயரை மட்டும் வைத்து எழுதினோம். சண்டையில் இருந்த காரம் பாதியாகிவிட்டது. ஓரகத்தி சண்டை வேறு, நாத்தனார் சண்டை வேறு என்பதை எந்த அடிக்குறிப்பில் விளக்குவது?

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. நான் முதலில் காசு கொடுத்து வாங்கிய வெளிநாட்டு மென்பொருளில் தமிழ் அடித்தால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக நின்றன. இப்போது ஸ்கிரைட் என்று நம் நாட்டிலேயே செய்த ஒன்று இருக்கிறது, தமிழ் ஒழுங்காக வருகிறது. ஆனாலும் வசனத்தை முதலில் கையால் எழுதுங்கள் என்பேன். கை வலித்தால் வசனம் சுருங்கும்.

அண்ணாச்சி இப்போது வளசரவாக்கத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலை நடந்த வருடங்களில் சாலிகிராமத்திலிருந்து அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதே ஒரு அவுட்டோர் ஷூட்டிங்காக இருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் போய்ப் பார்ப்பேன். வருடா வருடம் ஒரே கேள்வி: "நீ எப்பய்யா படம் பண்ணப் போற?" கோடம்பாக்கத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு டைரக்‌ஷன் ஆசை இல்லை என்று ஒருவன் சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஏதோ நோயை மறைப்பதுபோலப் பார்ப்பார்கள். இந்தத் தடவை, "அண்ணாச்சி, எனக்குப் படிக்கிறதுதான் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் கரும்பைக் கடித்தார். "இப்ப என்ன படிச்சிட்டிருக்க?"

"ஒரு புதுப் பொண்ணு எழுதுனது. நல்லா இருக்கு. ராமேஸ்வரத்துல நடக்கற கதை."

"மழை வருதா?"

"வருது. ரெண்டு எடத்துல."

"தூக்கிரு."

"ஒண்ணைத் தூக்கிரலாம் அண்ணாச்சி. இன்னொண்ணு தூக்க முடியாது, அது இல்லைன்னா அந்தப் புள்ள கடைசி வரைக்கும் அழவே மாட்டா."

அவர் கரும்புச் சக்கையைத் தட்டில் துப்பினார். யோசித்தார்.

"சரி. சேலை எத்தனை?"